ஏலக்கா கொண்டா

இல்லை, காலி செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை. நேற்று போனில் நீ கேட்டபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதனால் "பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்த்தாயிற்று. அந்தப் பின்னறையில் இருக்கிற ஒரு கேசட்கூட வெளியே போகாது. இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்தான். ஆனால் நீ என்னைப் பார்த்துச் சிரித்தது தனியாக இல்லையே, உன் நிச்சயதார்த்தப் பந்தியில், ராசிங்காபுரத்துச் சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால். அதனால் பதிலையும் நம் குடும்பக் குரூப்பிலேயே போடுகிறேன். எல்லாரும் படிக்கட்டும். நீளமாகத்தான் இருக்கும். ஓசூரில் உன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு விடுவார்கள் அல்லவா, அப்போது உட்கார்ந்து படி.

"எல்லாம் போன்லயே கெடக்கும்மா, எதுக்கு இந்த டப்பாவையெல்லாம் அடுக்கி வச்சிருக்க?" என்று கேட்டாய். எல்லாம் போனில் கிடக்கவில்லை, அப்பு. கிடப்பதிலும் பாதி, டி.வி.க்காரன் விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று வெட்டி எறிந்ததுபோக மிச்சம். அகலத் திரைக்கு இழுத்து, ஆட்களின் தலை பாதி போய், இரண்டாவது பாட்டு காணாமல் போயிருக்கும். என் கேசட்டில் நிறம் கொஞ்சம் வழியும், அடியில் ஒரு கோடு ஓடும், ஆனால் படம் முழுசாக இருக்கும். போன வருஷம் மதுரையிலிருந்து ஒரு பையன் பஸ் பிடித்து வந்தான். ஏதோ ஒரு கருப்பு வெள்ளைப் படம். நெட்டில் இருக்கிற பிரிண்டில் கதாநாயகி ரயில் ஏறிப் போவதோடு முடிந்துவிடுகிறதாம். "அவ அடுத்த ஸ்டேசன்ல எறங்கித் திரும்பி நடந்து வருவாடா" என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. வீடியோ டெக்கில் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அக்கா, இத்தன வருசமா இத சோகப்படம்னுல்ல நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஒரு படத்தின் முடிவையே ஒருவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அறையைத்தான் நீ பீரோ வைக்கக் கேட்கிறாய்.

நான் பதினொன்றாம் வகுப்பில் ஸ்கூலை விட்டவள். யாரும் நிறுத்தவில்லை, வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் நீ கட்டிக்கப்போகிற பவித்ராவிடம் கதை கட்டாதே. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடையில் இன்றைக்கு என்ன வந்து இறங்கியிருக்கும் என்றுதான் எனக்கு ஓடும். ஒருநாள் நேராக அந்தக் கடைக்கே போய் வேலைக்கு நின்றுவிட்டேன். நாடாவைத் திருப்பிச் சுற்றி வைப்பது, டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, அறுந்ததை ஒட்டுவது, விசேஷ வீடுகளுக்கு டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்குத் தூக்கிக்கொண்டு போவது, எல்லாம் அங்கேதான் படித்தேன். அதன்பிறகு தையல் போனேன், விட்டேன். கேபிள் வசூல் போனேன், விட்டேன். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போனேன், சண்டை போட்டுக்கொண்டு வந்தேன், திரும்பவும் போனேன். கேசட்டை மட்டும் விடவில்லை. சி.டி. வந்து கடையை மூடினார்கள். பழைய இரும்புக்காரனுக்குக் கட்டி வைத்திருந்த மூட்டைகளை உன் மாமாவின் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கினேன். "ஏ புள்ள, பெத்த பிள்ள படுக்க எடமில்ல, பிளாஸ்டிக்குக்குப் பாய் விரிக்கிறியாக்கும்?" என்று அன்றைக்கே உன் மாமா கேட்டார். அந்தப் பிள்ளை நீதான். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தூங்கி நன்றாகத்தான் வளர்ந்தாய்.

ஆனால் நான் கேசட் சேர்த்தது படங்களுக்காக மட்டும் இல்லை. ஒரே ஒரு படத்துக்காக. அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் சிரித்தாய். இருந்தாலும் பவித்ரா வீட்டார் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவுக்குக் குரங்கணியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சினிமா எடுக்க வந்தார்கள். ஜெனரேட்டர், குடை, வெள்ளைத் துணி கட்டிய சட்டம் எல்லாம் மலைப்பாதையில் ஏறுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவளை, தொப்பி போட்ட ஒருத்தர் கூப்பிட்டார். "பாப்பா, உங்க வீட்டுல ஏலக்காய் வேணும்னா எப்படிக் கேப்ப?" என்றார். "ஏலக்கா கொண்டான்னு கேப்பேன்" என்றேன். "அதையே அந்தா வர்ற மாமாகிட்டக் கேளு. கையை நீட்டிக் கேக்கணும், அதிகாரமாக் கேக்கணும்" என்றார். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் கதாநாயகன் பாதையில் ஏறி வருவான். நான் குறுக்கே நின்று, கையை நீட்டி, "ஏலக்கா கொண்டா" என்பேன். அவன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு காய் எடுத்துத் தருவான், நான் வழி விடுவேன். அதுதான் என் காட்சி. கைதட்டினார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். நான் பறந்துகொண்டு போடிக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

படம் வந்தால் தெரியும் என்றேன். படம் வரவில்லை. போடியில் எந்தத் தியேட்டரிலும் வரவில்லை. பேரும் எனக்குத் தெரியாது. சித்தி வீட்டார் வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள், சாட்சிக்கும் ஆள் இல்லை. அன்றிலிருந்து உன் மாமாவுக்கு நான் சினிமாக்காரி. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, எதுவானாலும் சரி, "எங்க நம்ம சினிமாக்காரி? கால்சீட் இருக்கா, இல்ல ஷூட்டிங் போயிட்டாளா?" என்று ஒருதடவை கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நான் வேறு எதைச் சொன்னாலும், அரிசி விலை சொன்னால்கூட, "இதுவும் அந்தப் படம் மாதிரியா?" என்பார்கள். சொல்லிச் சொல்லி, நான் பொய் சொல்லுகிறவள் என்பது இந்தக் குடும்பத்தில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வெளியே சிரித்தேன். உள்ளே எரிந்தது. நிச்சயதார்த்தத்தில் உன் மாமா அதே பாட்டைப் பாட, பவித்ராவின் அம்மா நிஜமாகவே ஆசையாக, "அப்பிடியா மயினி, எந்தப் படம்?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அத விடுங்கத்தே, அம்மா சும்மா அடிச்சு விடும்" என்றாய். பந்தியே சிரித்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைக்காமல் கடைசி இலைவரை ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அன்றைக்குச் சிரிக்காதவர் உன் அப்பா ஒருத்தர்தான். பெண் பார்க்க வந்த அன்றே அவரிடம் இதைச் சொல்லிவிட்டேன், பின்னால் யாராவது சொல்லித் தெரிய வேண்டாமென்று. அவர் எந்தப் படம், எந்த வருஷம், யார் நடித்தது என்று ஒன்றுமே கேட்கவில்லை. "என்ன வசனம்?" என்றார். சொன்னேன். "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். அதிலிருந்து இன்றுவரை ஆதாரம் கேட்டதில்லை. ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்து வெந்து நொந்து வருகிற மனுஷன், நான் ஏதோ ஓர் எஸ்டேட்டில் கேசட் இருக்கிறது என்று கிளம்பினால், "மழை வரும், குடை எடுத்துக்க" என்பார். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த மாதம், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை விற்கிறார்கள், பெட்டி நிறையக் கேசட் கிடக்கிறது என்று ஜோசு போன் பண்ணினான். அந்த எஸ்டேட் முதலாளியின் மகன், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். எஸ்டேட்டுக்கு வேலையாட்களை இறக்கப் போகிற உன் மாமாவின் ஜீப்பிலேயே ஏறிப் போனேன். ஜோசு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தான். நான் வழக்கம்போலத் தமிழ் எழுத்து இருப்பதை எல்லாம் இந்தப் பக்கம் எடுத்தேன், மலையாள எழுத்து இருப்பதை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளினேன். எத்தனையோ வருஷமாக மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மலையாளம் எனக்குப் பேச வரும், படிக்க வராது. அதுவும் இல்லாமல் நான் தேடுவது தமிழ்ப்படம், எனக்கு எதற்கு அது?

"சேச்சி, இது எடுத்தோ" என்று ஜோசு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். "மலையாளம் வேணாம்ப்பா" என்றேன். "அய்யோ, இதில நம்ம குரங்கணி மலையுண்டு சேச்சி. எங்க அப்பச்சன்தான் ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் கொடுத்தது. அதுக்காவே வச்சிருந்தாரு, பொட்டின படம், ஓடல" என்றான். அப்பச்சன் என்றால் அவன் அப்பா. எனக்குக் கை நின்றுவிட்டது. "குரங்கணியில எடுத்தது தமிழ்ப்படம்ல?" என்றேன். "ஏது தமிழ்? நம்ம ஆளுகளல்லே வந்து எடுத்தது." "எங்கிட்ட அந்தத் தொப்பிக்காரரு தமிழ்லதான பேசினாரு." "சேச்சியோட தமிழ்ல பேசாம வேற எதுல பேசுவாங்க?" நான் மெதுவாகக் கேட்டேன்: "ஜோசு, ஏலக்கா கொண்டான்னு மலையாளத்துல எப்படிடா சொல்லுவீங்க?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏலக்கா கொண்டா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து இருமலாக வந்தது. ஒரே வசனம், இரண்டு பாஷை. இந்த மலையில் எது எந்த ஊர்ப் பேச்சு என்று யார் பிரித்துப் பார்த்தோம்? ஜீப்பில் ஏறினால் ஒரு பேச்சு, மெட்டு தாண்டினால் ஒரு பேச்சு, இரண்டும் ஒரே வாயில்தான் வருகிறது. நான் பேசியது தமிழ், அதனால் படமும் தமிழ் என்று முடிவுகட்டி, தமிழ்நாட்டுக் கேசட்டுகளையெல்லாம் அலசிக்கொண்டிருந்திருக்கிறேன். படம் என் கையெட்டும் தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம், நானே ஒதுக்கித் தள்ளிய குவியலில் கிடந்திருக்கிறது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் மாமா, "டயர்ல காத்து கொறையுது" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. மலை ஈரம் என்றால் சும்மாவா? அப்படியே டெக்கில் போட்டால் நாடா ஒட்டி அறுந்துவிடும், ஹெட்டும் போய்விடும். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். நிழலில் உலர்த்தலாமென்றால் போடியில் அந்த வாரம் முழுக்க மேகம் மூடாக்குப் போட்டிருந்தது. உன் அப்பாதான் வழி சொன்னார். ஸ்டோரில் காயை எடுத்துவிட்ட பிறகு அந்த அறையில் ஒரு சூடு மிஞ்சும், கை வைத்தால் இதமாக இருக்கும், ஈரம் துளி இருக்காது. "காய் கெடக்கையில வைக்க மாட்டேன். பிளாஸ்டிக் வாடை புடிச்சா மொதலாளி என்னையத் தூக்கிக் காய வச்சிருவாரு. காலி ஆனதும் வைப்போம்" என்றார். மேல்மூடியைக் கழற்றி, நாடாச் சுருளை மட்டும் மெல்லிய வேட்டித் துணியில் சுற்றி, கம்பி வலைத் தட்டில் வைத்தோம். ஒருதடவை போதவில்லை. ஒவ்வொரு முறை காய் இறங்கும்போதும் வைத்தோம், எடுத்தோம், திருப்பி வைத்தோம். பிறகு நான் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கையாலேயே நாடாவை உருட்டி உருட்டிப் பூஞ்சையைத் துடைத்தேன். சமைக்கவில்லை. உன் அப்பா ஹோட்டலில் புரோட்டா வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மூச்சு விட்டால் நாடா பறந்துவிடும் என்பதுபோல் சுவரோடு ஒட்டி நின்றார்.

நான் முதலில் தனியாகப் பார்க்கவில்லை. ஆசை இருந்தது, பயமும் இருந்தது. காட்சியை வெட்டியிருந்தால்? அப்படி வெட்டியிருந்தாலும் எல்லார் முன்னாலும் தோற்றுவிடுவோம் என்று முடிவு செய்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் வரச் சொன்னேன். உனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. பவித்ராவும் அவள் அம்மாவும் வந்தார்கள். உன் மாமா உட்காரவில்லை. "வண்டி ரோட்ல நிக்குது, நான் இப்பிடியே நிக்கிறேன்" என்று வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். டெக்கில் போட்டேன். கொஞ்சம் இரைந்தது, உருண்டது, நின்றது. படம் ஓடியது. சுமாரான படம், பொய் சொல்ல மாட்டேன். கதாநாயகன் பேசிக்கொண்டே இருந்தான். பாதிப்படம் போய்விட்டது, குரங்கணியே வரவில்லை. பவித்ராவின் அம்மா கொட்டாவியை முந்தானையால் மறைத்தார். அப்புறம் மலைப்பாதை வந்தது. பனி. கதாநாயகன் ஏறி வருகிறான். குறுக்கே ஒரு சின்னக் குட்டி, பெரிய பச்சைச் சட்டை முழங்கால்வரை தொங்க, கையை நீட்டி, கழுத்தை ஆட்டி, "ஏலக்கா கொண்டா!"

"அத்தே! அது நீங்க! அதே மூக்கு, அதே அதட்டலு!" என்று பவித்ரா துள்ளி எழுந்துவிட்டாள். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உன் மாமாவைத்தான் பார்த்தேன். அவர் நிலையை விட்டு டி.வி.க்கு முன்னால் வந்து குந்திவிட்டார். "திருப்பு" என்றார். திருப்பினேன். "இன்னொருக்கா திருப்பு." திருப்பினேன். திரையில் விரலை வைத்துக் கத்தினார்: "ஏ புள்ள! இது என் சட்டைடி! தீவாளிக்கு எடுத்த பச்சைச் சட்டை! இதக் காணோம்னு அப்பாட்ட நான் வாங்குன அடி இருக்கே... எங்கடி கொண்டுபோய்த் தொலச்ச?" வீடே அதிர்ந்தது. மலைக் குளிருக்கென்று போடியிலிருந்து கிளம்பும்போதே அவர் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன், உண்மைதான். நாளைக்கும் இதே சட்டை வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், மறுநாள் மழையில் ஷூட்டிங்கே இல்லை, சட்டை அவர்களோடு போய்விட்டது. "அண்ணே, அப்ப அது நான்தான்னு ஒத்துக்கிறியா?" என்றேன். "நீ யாரா வேணா இரு. சட்டை என்னது" என்றார். பவித்ராவின் அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து, "மயினி, அந்த ஒத்தச் சொல்லுக்கே படம் பாக்கலாம்" என்றார். பந்தியில் போனது வட்டியோடு வந்துவிட்டது.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? உன் மாமா மெட்டுக்கு ஏறுகிற ஜீப்பில் உட்காருகிற ஒவ்வொருத்தரிடமும், "என் தங்கச்சி நடிச்ச படம், என் சட்டை போட்டுத்தான் நடிச்சா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், நான் டெக்கில் போட்டுக் காட்டுகிறேன். போனில் தேடிப் பார்த்துவிட்டேன், அந்தப் படம் எங்கேயும் இல்லை, ஒரு போஸ்டர்கூட இல்லை. உலகத்தில் என் வீட்டுப் பின்னறையில் மட்டும் ஓடுகிறதோ என்னவோ. நேற்றைக்குப் பவித்ரா போன் பண்ணினாள். "அத்தே, அந்த ரூமத் தொடாதீங்க. நாங்க முன்னால ரூம்ல இருந்துக்கிறோம், பீரோவெல்லாம் சின்னதாவே வாங்கிக்கிறோம்" என்றாள். அதனால் இந்தப் பேச்சு முடிந்தது. உன் பெண்டாட்டி சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. ஆனால் அடுத்த மாதம் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாய், அதற்காகச் சொல்கிறேன். அவளும் ஒருநாள் உன்னிடம் ஏதாவது சொல்வாள். சின்ன வயசில் இப்படி நடந்தது என்பாள், இன்றைக்குப் பஸ்ஸில் ஒருத்தன் இப்படிச் சொன்னான் என்பாள், உங்கள் வீட்டில் இன்னார் என்னை இப்படிப் பேசினார் என்பாள். கேட்கவே நம்ப முடியாததாக இருக்கும். சாட்சி இருக்காது. பந்தியில் நாலு பேர் சிரிப்பார்கள், நீயும் சிரித்தால் உனக்குச் சுலபம். எல்லாருக்கும் கடைசியில் கேசட் கிடைக்காது, அப்பு. எனக்குக் கிடைத்தது. கிடைக்காமலே போயிருந்தாலும் நான் சொன்னது நிஜம்தான். உன் அப்பா மாதிரி என்ன வசனம் என்று மட்டும் கேள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. டெக்கை எப்படித் துடைப்பது, உன் கல்யாண வீடியோவை எதில் பதிந்து வைப்பது என்றெல்லாம். ஆனால் வாசலில் உன் மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மெட்டுக்கு மேலே இரண்டு எஸ்டேட்டில் மலையாளக் கேசட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம், இத்தனை வருஷம் நான் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம். "வெரசா வா புள்ள, பனி எறங்கிரும்" என்று கத்துகிறார். நான் போகணும்.